பொறுத்துப்போன பல்பு

எதிரில் வருபவர்தான் முதலில் பார்க்கிறார். முகப்பு விளக்கு துடிக்கும்போது ஓட்டுபவருக்குச் சாலை லேசாக நடுங்குகிற மாதிரி இருக்கும். தார் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். எதிரில் வருகிறவருக்கு அது பேச்சு. இருவழிச் சாலைகளில் நம் இரவுப் பேச்சு பெரும்பாலும் விளக்கால்தான் நடக்கிறது. ஒரு தடவை டிம் அடித்தால் "வந்துகொண்டிருக்கிறேன், ஏறாதே" என்று பொருள். விடாமல் அடித்தால் "உன் பிரைட்டைக் குறை" என்று பொருள். தாராபுரத்திலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் வழியில் என் வண்டியின் இடப்பக்க விளக்கு தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. எதிரில் வந்த லாரிகள் பதில் சொல்லிவிட்டுப் போயின. ஒருவர் வேகத்தைக் குறைத்தார். இன்னொருவர் ஓரத்து மண்ணில் இறங்கினார். நான் எதையுமே சொல்லியிருக்கவில்லை.

*

பழைய வண்டி. என் கைக்கு வரும்போதே அதில் ஸெனான் கிட் இருந்தது. "பழைய பல்புல வெளிச்சம் போதலைங்க, அதான் மாத்துனேன்" என்று விற்றவர் சொன்னார். அந்த வாக்கியத்தை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் குறிப்புகள் எல்லாம் கடைசியில் அந்த வாக்கியத்திடம்தான் போய் நிற்கின்றன.

கிட் என்பது இரண்டு பல்பு, இரண்டு பேலஸ்ட், ஒரு கட்டு வயர். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் ஆக்சஸரீஸ் கடைகளில் இந்தப் பெட்டிகள் ஒரு காலத்தில் வாசல்வரை அடுக்கியிருக்கும். இப்போது அந்த அடுக்கில் எல்.இ.டி. உட்கார்ந்திருக்கிறது. பெட்டியின் மேல் 6000 கெல்வின், 8000 கெல்வின் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எண் கூடினால் வெளிச்சமும் கூடும் என்று வாங்குபவர் நினைக்கிறார். அந்த எண் நிறத்தைச் சொல்கிறது, அளவை அல்ல. தொழிற்சாலையிலேயே ஸெனான் பொருத்தி வரும் கார்களில் அது 4300-ஐ ஒட்டியே இருக்கும். அதற்கு மேல் போகப்போக நீலம் கூடுகிறது, சாலையில் விழும் வெளிச்சம் குறைகிறது.

*

ஸெனான் காற்றில் இருக்கிறது, ஆனால் 1 கோடியே 15 லட்சம் பங்குக்கு ஒரு பங்கு. 1898-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் திரவக் காற்றை வடித்து வடித்துப் பார்த்தபோது, கிரிப்டானுக்குப் பின்னால் கடைசியாக மிஞ்சிக் கிடந்தது இது. 1991-இல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் காரின் முகப்பில் இது வெளிச்சமாக வந்தது.

பல்புக்குள் இழை கிடையாது. கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு குவார்ட்ஸ் குமிழ். அதற்குள் இரண்டு டங்ஸ்டன் முனைகள், நடுவில் 4 மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளி. அந்த இடைவெளியை மின்சாரம் ஒரு வில்லாகத் தாண்ட வேண்டும். முதல் தாவலுக்கு 20,000 வோல்ட்டுக்கும் மேல் தேவை. தாண்டிவிட்டால், பழைய வகைப் பல்புக்கு 85 வோல்ட்டே போதும். எரியத் தொடங்கும்போது வருவது ஸெனானின் நீல வெளிச்சம். சில நொடிகளில் உள்ளே ஒட்டியிருக்கும் உப்புகள் ஆவியாகி அவையும் ஒளிர, நிறம் வெளுத்து, வெளிச்சம் நிறைகிறது. பேட்டரியின் 12 வோல்ட்டை எடுத்து இந்த வித்தையெல்லாம் செய்து தருவது பேலஸ்ட். ட்யூப்லைட்டில் சோக்கும் ஸ்டார்ட்டரும் செய்கிற வேலையின் நெருங்கிய உறவு.

*

ஹாலஜன் பல்பில் இருப்பது இழை. சூடேறிய கம்பி. மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனாலும் கம்பியின் சூடு உடனே போவதில்லை. அந்தக் கண இடைவெளியை அது தன் சூட்டைக் கொண்டு நிரப்பிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது.

வில்லொளியிடம் அப்படிச் சேமிப்பு எதுவும் இல்லை. ஊட்டம் நின்றால் அதுவும் நிற்கும். திரும்பப் பற்ற வேண்டுமென்றால் மறுபடி ஆயிரக்கணக்கான வோல்ட் தேவை. குமிழ் சூடாக இருக்கும்போது இன்னும் கூடுதலாகவே தேவை.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஹாலஜனுக்கு வரும் வோல்ட் குறைந்தால் அது இழுக்கும் மின்னோட்டமும் குறைகிறது. கிடைப்பதை வைத்துக்கொண்டு மங்கலாக எரிகிறது. பேலஸ்ட் அப்படி அல்ல. அது பல்புக்கு 35 வாட் தந்தே ஆக வேண்டும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி இழுத்துக் கணக்கைச் சரிசெய்யப் பார்க்கும். மெல்லிய வயரில் ஆம்பியர் கூடினால் வழியில் விழும் வோல்ட் இன்னும் கூடும். பேலஸ்ட்டுக்கு வந்துசேர்வது இன்னும் குறையும். அது இன்னும் இழுக்கும். ஓர் எல்லையில் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அணைந்ததும் இழுப்பு இல்லை, வயரில் வோல்ட் மீள்கிறது. பேலஸ்ட் மறுபடி பற்றவைக்கிறது. மறுபடி இழுப்பு.

துடிப்பு என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தச் சுற்றைத்தான்.

*

ஆகவே ஸெனான் மாட்டியதும் துடிக்கத் தொடங்கிய வண்டியில் புதிதாகக் குறை எதுவும் வரவில்லை. பழைய குறையைப் பழைய பல்பு தாங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லாவற்றையும் சொல்லாமல் சமாளிக்கிற ஒருவர் ஊருக்குப் போகும்போதுதான் எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தத் தாழ்ப்பாள் விழாது என்பதெல்லாம் மற்றவர்களுக்குத் தெரியவரும். அதுபோலத்தான். புதிதாக வந்தவர் வந்து கெடுத்ததில்லை. போனவர் மறைத்துவைத்திருந்தது வெளியே வந்தது.

*

கையை நீட்டுவதற்கு முன் கண் பார்க்க வேண்டும். எப்போது துடிக்கிறது?

போட்டவுடன் மட்டும் துடித்து, பிறகு நிலைத்துவிட்டால்: ஊட்டம் போதவில்லை. நிலையாக எரியும்போது ஒரு 35 வாட் பேலஸ்ட் மூன்று, மூன்றரை ஆம்பியர்தான் எடுக்கும். ஹாலஜனைவிடக் குறைவு. ஆனால் பற்றும் அந்தச் சில நொடிகளில் 10 ஆம்பியருக்கு மேல் கேட்கலாம். வயரின் பலவீனம் அப்போது வெளிப்படும்.

பள்ளத்தில் விழும்போது மட்டும் என்றால்: கப்ளர் தளர்ந்திருக்கிறது, அல்லது பல்பு அதன் இடத்தில் சரியாக உட்காரவில்லை.

வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது துடித்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் அடங்குகிறது என்றால்: ஆல்டர்நேட்டர், பேட்டரி, எர்த். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

மழைக்குப் பிறகு மட்டும் என்றால்: பேலஸ்ட்டுக்குள் அல்லது கப்ளருக்குள் நீர்.

டிம்மிலிருந்து பிரைட்டுக்கு மாற்றும்போது என்றால்: சுவிட்ச் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும் அந்த இடைவெளி. ஹாலஜனுக்கு அது ஒன்றுமில்லை. இதற்கு அது ஒரு முழு அணைவு.

நிறம் ஊதாவுக்கோ இளஞ்சிவப்புக்கோ சாய்ந்து துடிக்கிறது என்றால்: பல்பின் ஆயுள் முடிகிறது. மற்ற எதையும் நோண்ட வேண்டாம்.

என் வண்டியில் போட்டவுடன் இரண்டும் துடித்தன. வலம் அடங்கிவிடும். இடம் ஓடும்போதும் விட்டுவிட்டுத் துடிக்கும், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கட்டாயம் துடிக்கும்.

*

இடமும் வலமும் ஒன்றுபோலவே இருப்பது முகப்பு விளக்கின் பெரிய வசதி. சந்தேகப்படும் பொருளை அந்தப் பக்கம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். துடிப்பு பல்போடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் பல்பில். பல்பை மாற்றியும் அங்கேயே இருந்தால், பேலஸ்ட்டை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் குற்றம் வண்டியில்.

ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் துடிப்பு போய்விடலாம், எதனால் போயிற்று என்பதும் சேர்ந்தே போய்விடும்.

மாற்றும் முன் விளக்கை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட வேண்டும். 20,000 வோல்ட் விளையாட்டு இல்லை. குவார்ட்ஸ் குமிழை விரலால் தொடவும் கூடாது. கையின் எண்ணெய்ப் பிசுக்கு சூட்டில் அதன்மேல் கறையாகிவிடும்.

பல்பை மாற்றினேன். துடிப்பு இடப்பக்கமே நின்றது. பேலஸ்ட்டை மாற்றினேன். அப்போதும் இடப்பக்கமே.

*

பைபாஸ் ஓரத்துத் தகரக் கொட்டகையில் இருக்கும் எலக்ட்ரீஷியனுக்கு என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும். நான் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினேன். பல்பு கழற்றிய ஹோல்டரில் 12 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, வயர் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

"மீட்டரு வோல்ட்டுத்தானுங்க காட்டும். தெம்பு காட்டாது" என்றார்.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பழைய ஹாலஜன் பல்பை எடுத்தார். அதன் கால்களில் வயர் பற்றவைத்து, நுனியில் முதலை கிளிப் போட்டிருந்தார். அதை ஹோல்டரில் கொடுத்து எரியவிட்டார். எரிந்துகொண்டிருக்கும்போதே இப்போது மீட்டரை வை என்றார்.

சும்மா இருக்கும் வயரில் மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் ஒன்றுமே இல்லை. ஒற்றை இழையில் தொங்கும் அறுந்த வயர்கூட மீட்டருக்கு 12 வோல்ட் காட்டிவிடும். சுமை ஏற்றியபின் அளந்தால்தான் அது வயரா, வயர் மாதிரியா என்று தெரியும்.

என்ஜின் ஓட, விளக்குகள் எரிய, பேட்டரி முனையில் 13.9. இடப்பக்கப் பல்பின் காலில் 11.4. நடுவில் இரண்டரை வோல்ட்டைக் காணோம்.

*

"போற வழிய எல்லாரும் பாப்பாங்க. வர்ற வழிய ஆரும் பாக்கறதில்லீங்க" என்றார் அவர்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்வில் வைத்தார். இன்னொன்றை இடப்பக்க விளக்கின் எர்த் முனையில். விளக்கு எரியும்போது அங்கே 0.9 வோல்ட். சரியான எர்த் என்றால் 0.1, 0.2-க்குள் நிற்க வேண்டும். வலப்பக்கத்தில் 0.2 இருந்தது. இரண்டு விளக்கும் ஒன்றுபோல் துடிக்காததற்குக் காரணம் அந்த இடைவெளிதான்.

போல்ட்டைக் கழற்றினோம். அடியில் பெயின்ட், பெயின்ட்டுக்கு அடியில் துரு, துருவுக்குள் பச்சை பூத்த செம்பு. உப்புத்தாளால் தகடு பளபளக்கும்வரை தேய்த்தார். புதிய லக் போட்டு, இறுக்கி, மேலே வாசலின் தடவினார். அதிகம் பேசாமல் செய்தார். அந்த இடத்தை யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை என்பது அவர் வேலையின் சுத்தத்தை எந்த வகையிலும் குறைக்கவில்லை.

*

மிச்சம் 1.6 வோல்ட் போகும் வழியில் விழுந்துகொண்டிருந்தது. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் முகப்பு விளக்கின் மின்னோட்டம் முழுவதும் பேட்டரியிலிருந்து உள்ளே வந்து, ஸ்டியரிங் அருகில் இருக்கும் சுவிட்ச் வழியாக, டிம்-பிரைட் சுவிட்ச் வழியாக, மறுபடி முன்னால் போய் விளக்கைச் சேர்கிறது. பல மீட்டர் மெல்லிய வயர். பல வருஷம் தேய்ந்த சுவிட்ச் முனைகள்.

இதற்கு மருந்து ரிலே. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் காலுக்குத் தடித்த வயர், 87-லிருந்து விளக்குக்கு. பழைய சுவிட்ச் வயர் 85, 86 கால்களுக்கு இடையிலான சிறு சுருளைத் தூண்டினால் போதும். சுவிட்ச் இனிமேல் சுமக்க வேண்டியதில்லை, சொன்னால் மட்டும் போதும். ஃப்யூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குக் காவல் கிடையாது.

*

புதிய கார்களில் துடிப்பின் காரணம் வேறாகவும் இருக்கலாம். அங்கே வயர் நன்றாக இருக்கும். ஆனால் காரின் கம்ப்யூட்டர் விளக்குக்கு நேரான மின்சாரம் தருவதில்லை. நொடிக்கு நூறு முறை போல விட்டுவிட்டுத் தந்து சராசரியைச் சரியாக வைத்துக்கொள்ளும். பல்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அணைந்திருக்கும்போதும் சிறு துடிப்பை அனுப்பும். ஹாலஜன் இதை உணரவே உணராது. பேலஸ்ட் ஒவ்வொரு இடைவெளியையும் அணைவாக எடுத்துக்கொள்ளும், ஒவ்வொரு சோதனைத் துடிப்புக்கும் எழுந்திருக்கப் பார்க்கும்.

இதற்குக் கடைகளில் கேன்பஸ் வயர் என்று ஒன்று தருகிறார்கள். உள்ளே முக்கியமாக இருப்பது கபாசிட்டர். இடைவெளியின்போது ஊட்டுவதற்குக் கொஞ்சம் சேமித்துவைக்கும். இந்த விட்டுவிட்டு வரும் மின்சாரத்தை நேரே ரிலேக்குக் கொடுத்தால் ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும். அங்கேயும் முன்னால் ஒரு கபாசிட்டர் வேண்டும்.

இழை தன் சூட்டில் இனாமாகச் செய்துவந்த வேலையைத் தனியாக விலை கொடுத்து வாங்குகிறோம்.

*

ரிலேயும் புதிய வயரும் போட்டதும் என் வண்டியில் துடிப்பு நின்றது. போட்டவுடன் நீலம், பிறகு வெளுப்பு, பிறகு அசையாத வெளிச்சம். வீட்டுச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி ஃபோகஸ் பார்த்தேன். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தத் தூரத்தில் விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் போலக் கீழே விழ வேண்டும்.

விளிம்பே இல்லை. சுவர் முழுக்க வெளிச்சம்.

எச்4 வகை ஹாலஜனில் டிம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல் பாதிக்கு மட்டும் போய், அங்கிருந்து சாலையை நோக்கிக் கீழே இறங்கும்படி அது தடுக்கிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் இழை இருக்கும் அந்த இடத்தை நம்பி வரையப்பட்டது. ஸெனானின் வில் இழையைப் போல நேராக நிற்பதில்லை. மேல்நோக்கி வளைகிறது. அது தரும் வெளிச்சமும் அதிகம். எச்4 டிம் 1000 லூமன் என்றால், தரமான 35 வாட் ஸெனான் 3200 லூமன். வரைந்த இடத்தில் இல்லாத ஒன்று, வரைந்ததைவிட மூன்று மடங்கு எரிந்தால், மிஞ்சியது போகும் இடம் எதிரில் வருபவரின் கண்.

2000 லூமனுக்கு மேற்பட்ட விளக்கு என்றால் தானாக உயரம் சரிசெய்யும் அமைப்பும், விளக்குக் கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்று ஐரோப்பிய விதி கேட்பது இதனால்தான். கண்ணாடியில் ஒட்டிய தூசிகூட இந்த வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறவைத்துவிடும். நம் நாட்டில் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் தந்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. போலீஸார் விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும் இதே கவலையில்தான்.

*

துடித்துக்கொண்டிருந்தவரை விளக்கு தன் குறையை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. துடிப்பு நின்றபின் எனக்குக் குறை எதுவும் இல்லை. குறை எதிர்ப்பக்கம் போய்விட்டது. அங்கே மொபெட்டில் பின்னால் ஒரு மூட்டையோடு வருபவர், ஒரு கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, சாலையின் ஓரத்தை ஊகித்து ஓட்டுவார். டிம் அடித்துத் திட்ட அவரிடம் போதிய வெளிச்சம் இல்லை. பழைய பல்பு செய்துகொண்டிருந்ததை இப்போது அவர் செய்கிறார்: சொல்லாமல் தாங்குகிறார்.

தாங்குபவர் எங்கே இருக்கிறார் என்று தேடுவதும் இந்தப் பழுதுபார்ப்பில் ஒரு படி. மீட்டர் அதற்கு உதவாது.

*

ஸெனானைக் கழற்றிவிட்டு, 60/55 வாட் சாதாரண எச்4 மாட்டிப் பார்த்தேன். புதிய ரிலே, புதிய வயர், தேய்த்த எர்த் எல்லாம் அப்படியே.

ஹாலஜனின் வெளிச்சம் வோல்ட்டோடு நேராக ஏறி இறங்குவதில்லை. வோல்ட் பத்தில் ஒன்று குறைந்தால் வெளிச்சம் பத்தில் மூன்று குறையும். 13.2 வோல்ட்டில் முழுவதாக எரியவேண்டிய பல்பு 11.4-இல் பத்துக்கு ஆறுதான் தரும். இடப்பக்கம் அப்படி. வலப்பக்கம் 12.1, அதாவது முக்கால். இந்த வண்டி பல வருஷம் இப்படித்தான் ஓடியிருக்கிறது.

இப்போது பல்பின் காலில் 13.4. சுவரில் விளிம்பு கத்தி வைத்த மாதிரி இறங்கியது. சாலையில் ஓரத்துப் புளியமரங்களின் வெள்ளை, கறுப்புப் பட்டைகள் தூரத்திலேயே தெரிந்தன. எதிரில் வந்த யாரும் டிம் அடிக்கவில்லை.

"வெளிச்சம் போதலைங்க" என்று விற்றவர் சொன்னது உண்மைதான். போதாமைக்குக் காரணம் பல்பு என்று அவர் நினைத்தார். ஒரு துருப்பிடித்த போல்ட்டும் தேய்ந்த சுவிட்ச்சும் சேர்ந்து விழுங்கிய வெளிச்சத்துக்குப் பதிலாக அவர் ஒரு கிட் வாங்கினார். அந்தக் கிட் அதே போல்ட்டையும் அதே சுவிட்ச்சையும் துடித்துத் துடித்துக் காட்டிக்கொடுத்தது. அது செய்த நல்ல காரியம் அதுதான்.

*

இனிமேல் யாராவது விளக்கு மங்கல் என்று சொல்லி, கடையில் எதை வாங்கலாம் என்று கேட்டால், சொல்வதற்கு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. விளக்கை எரியவிட்டு, எரிந்துகொண்டிருக்கும்போதே பல்பின் காலில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கடைக்குப் போகவேண்டாம். எர்த் போல்ட்டிலிருந்து தொடங்குங்கள்.